கடைசி வயலிலிருந்து எண்ணியவர்

சீர்காழிக்குக் கிழக்கே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் அம்சவல்லி. அங்கிருந்த பழைய கணினிகளின் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். எழுத்தாலேயே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு எழுதினார். புள்ளி வயல்; அலைக்குறி தண்ணீர்; நிமிர்ந்த கோடு நாற்று. மேலே மதகைத் திறந்தால் தண்ணீர் வயல் வயலாக இறங்க வேண்டும்.

முதலில் திரை கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது படம் மாறும் ஒவ்வொரு முறையும், முழுத்திரையையும் அழித்து வரைந்ததால் வந்த மினுக்கம். மாறிய எழுத்தை மட்டும் மாற்றினார், நின்றது.

அடுத்த பிழை நிற்கவில்லை. மதகு திறந்த முதல் ஃபிரேமிலேயே கடைசி வயலும் நிரம்பியது. திங்களன்று தஞ்சாவூரில் அவருக்கு இரண்டாவது ஆபரேஷன். அதற்குள் விளையாட்டை முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

துணைக்கு வந்திருந்த மகள் அறிவுமதி, சென்னையில் மென்பொருள் வேலையில் இருப்பவள், சொன்னாள்: “வரிக்கு வரி கொஞ்சம் நிறுத்தி வரைஞ்சிடும்மா. ஓடுற மாதிரி தெரியும்.”

“தெரியும்டி, ஓடாது. பாதியில மதகை மூடுனா?”

மகள் மதகைத் திறந்து பார்த்தாள்; கடைசி வயலும் உடனே நிரம்பியது. அறிவுமதியின் அப்பா வைரக்கண்ணு எட்டிப் பார்த்தார். அவர்கள் நிலம் வாய்க்காலின் கடைசியில்; தண்ணீர் வந்து சேர நாளாகும்.

“எந்த ஊரு அம்சா இது? சொல்லு, நிலத்தை வித்துட்டு அங்க போயிடுவோம்.”

“சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது.”

சிரிப்பு அடங்கியதும் அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வரும் வழியிலேயே, வயல்களை மதகிலிருந்து கீழே எண்ணியிருந்தார். முதல் வயலில் வைத்த தண்ணீரை இரண்டாம் வயல் அதே ஃபிரேமில் எடுத்துக்கொண்டது, அதை மூன்றாவது. தட்டுப்பாட்டில் அவர்கள் ஊரில் முறைவைத்து விடும் தண்ணீர் கடைசி வயலில்தான் தொடங்கும். எண்ணிக்கையை அப்படியே திருப்பினார். முதலில் கடைசி வயல் தனக்கு மேலே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும், பிறகு அதற்கு முந்தையது. ஒரு ஃபிரேமுக்குத் தண்ணீர் ஒரு வயல்தான் இறங்கும்.

ஞாயிறு மதியம் மதகைத் திறந்தார். அலைக்குறிகள் ஒவ்வொரு வரியாக இறங்கின.

“மூடு, மதி.”

மூடினாள். மேலே காய்ந்தது, இறங்கிய தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கடைசி வயலில் கோடுகள் நிமிர்ந்தன.

“இப்பதான் நம்ம ஊரு” என்றார் அப்பா.

திங்களன்று போன அம்மா திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அறிவுமதி பள்ளிக்குப் போனாள். அங்கே கணினிகளில் அம்மாவின் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “கடைசி வயலுக்கு வரட்டும்டா, மூடாதே” என்று ஒரு சிறுமி பக்கத்துப் பையனை அதட்டினாள். தண்ணீர் வரும்வரை அறிவுமதியும் நின்றாள்.