சீர் மைக்ரோவேவில் ஏறிய நெடி

அக்காவின் சீர்ச் சாமான்களில் நான் தொட்டிருக்கவே கூடாதது அந்த மைக்ரோவேவ். தொட்டேன். தொட்டதோடு நிற்காமல் அதற்குள் கால் கிலோ வற்றல் மிளகாயைக் கொட்டி ஓட்டவும் செய்தேன்.

மாப்பிள்ளை வீடு சிவகாசி. அவர்கள் வாய் திறந்து கேட்டது அந்த ஒன்றை மட்டும்தான். அதுவும் ஆசைக்குக் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் அம்மா பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற அறையில் பாதி ஆயுசைக் கழித்தவர். இப்போது இழுப்பு. பக்கத்து வீட்டில் தாளித்தால்கூட அவருக்கு மூச்சு வாங்கும். பெண் பேச வந்த அன்றைக்கு அவரே சொன்னார்: “நகைநட்டு நீங்க பிரியப்பட்டதச் செய்யுங்க. இந்தக் கரண்டு அடுப்பு ஒண்ணு இருந்தா ஒங்க புள்ளையும் புகையில நிக்க வேண்டாம், நானும் வாசலுக்கு ஓட வேண்டாம். அம்புட்டுத்தான்.”

அக்காவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. “எனக்கும் சேத்துல்லடி யோசிக்காக” என்று பத்து நாள் சொல்லிச் சொல்லித் திரிந்தாள். ஒரு பருப்பு மில்லில் பில் போடுகிற வேலை அவளுக்கு. தீபாவளித் தள்ளுபடியில், தன் சம்பளத்தில், தானே கடைக்குப் போய் அதை வாங்கி வந்தாள். அம்மா பெட்டியின் மேல் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். மாப்பிள்ளைக்குக் காலண்டர் அச்சகத்தில் வேலை என்பதால் சீசன் முடிந்து தை மாதம்தான் கல்யாணம். அதுவரைக்கும் பெட்டி விருதுநகரில் எங்கள் வீட்டுப் பீரோவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதும். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைக்காரர் வேறு, “பத்து நாளைக்குள்ள ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்க, கோளாறுன்னா மாத்தித் தாரோம்” என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் எந்த மிஷின் வந்தாலும் பெட்டியைப் பிரிப்பது நான். கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன் என்பதால் ஃபேன் ரெகுலேட்டர் முதல் அப்பாவின் செல்போன் வரை எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள், நான் உட்பட. டேப்பை நகத்தால் மெதுவாக உரித்து எடுத்தேன். ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தேன், கொதித்தது. ஒரு அப்பளம் வைத்தேன், எண்ணெய் இல்லாமல் பொரிந்தது. அத்தோடு மூடி வைத்திருந்தால் இதை எழுத வேலையே இல்லை.

மழைக்கு ஏங்குகிற ஊரில் அந்தக் கார்த்திகையில் பார்த்து ஒரு வாரம் விடாமல் தூறியது. சீரோடு கொடுத்தனுப்பக் குழம்புத் தூள் அரைக்க வேண்டும் என்று அம்மா மொட்டை மாடியில் சம்பா மிளகாய் வற்றலைப் பரப்புவதும் அள்ளுவதுமாக இருந்தாள்.

“நெதமும் போடுதேன், நெதமும் எடுக்கேன். இது இந்த சென்மத்துல காயாது.”

“அம்மா, அஞ்சே நிமிசம். நான் காய வச்சுத் தாரேன்” என்றேன்.

ஐந்து நிமிஷம் என்பதை நானாக முடிவு செய்தேன். அதுவும் முழு வேகத்தில். மூன்றாவது நிமிஷத்தில் கண்ணாடிக்குப் பின்னால் புகை சுழன்றது. நான் கதவைத் திறந்தேன், அதுதான் அடுத்த தப்பு. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். அக்கா மில்லிலிருந்து வந்தபோது நான் முற்றத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய், மிஷினின் வெள்ளைச் சுவரில் பழுப்பாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டு, அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அவுக அம்மாவுக்காக வாங்குனதுடி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் சரி செய்துவிடுவேன் என்றேன். உண்மையிலேயே நம்பினேன். வீடியோக்கள் கொட்டிக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு பெண் சிரித்துக்கொண்டே எலுமிச்சம்பழத்தை வெட்டுகிறாள், கிண்ணத்துத் தண்ணீரில் போடுகிறாள், ஐந்து நிமிஷம் ஓட்டுகிறாள், ஆவியில் அழுக்கு இளகிவிட, துணியால் ஒரே இழுப்பு. பளபளப்பு. நானும் பழத்தை வெட்டினேன், தண்ணீரில் போட்டேன், ஓட்டினேன். அந்த வீடியோப் பெண் மிளகாயைக் கருக்கியதில்லை என்பது கதவைத் திறந்தபோதுதான் உறைத்தது. ஆவியோடு நெடியும் கிளம்பி வந்து கண்ணில் அப்பியது. தெருவில் போன யாரோ, “ஏலே, இந்த வீட்டுல மொளகாய வறுக்காகளா, எரிக்காகளா?” என்று கேட்டுவிட்டுத் தும்மியபடி போனார்.

அடுத்த நாள் வினிகர். அதற்கடுத்த நாள் ஆப்பச் சோடாவைக் குழைத்துச் சுவர் முழுக்கப் பூசி ஒரு ராத்திரி விட்டுத் துடைத்தேன். கறை போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது, கடையில் பார்த்த அதே வெள்ளை. நான் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அம்மா மோந்தாள். ஒன்றும் இல்லை. அக்கா இரண்டு தடவை மோந்துவிட்டு முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். அப்பா மண்டியிலிருந்து வந்ததும் அவரையும் கூப்பிட்டோம்.

“சோப்பு வாடதான் வருது” என்றார் அப்பா. “போயிருச்சு தாயி, எடுத்துக் கட்டி வைங்க.”

அப்பா மிளகாய் மண்டியில் எடை போடுகிறவர். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் சுவரில் சிவப்பாகப் பொடி ஒட்டும். அம்மா கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அதே மண்டியில் காம்பு கிள்ளியவள். அக்காவும் நானும் பிறந்ததிலிருந்து அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவர்கள். இதையெல்லாம் இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அன்றைக்கு எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவள் என் கல்லூரித் தோழி. காரியாபட்டிக்காரி. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க வந்தாள். வந்தவள் வாசல்படி தாண்டியதும் மூன்று தும்மல்.

“ஒங்க வீட்டுக்கு வந்தாலே இதே சோலிடி. ஆமா, இன்னைக்கு என்ன, கூடுதலா இருக்கு?”

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மிஷின் கதவைத் திறந்து, “மோந்து பாரு” என்றேன். குனிந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் ஓடியது.

“ஏ புள்ள, உள்ள பொடி டப்பாவ எதுவும் கவுத்திட்டியா?”

“ஒனக்கு வாட வருதா?”

“எனக்கா? நாலு தெரு தள்ளி நிக்கவனுக்கு வரும். ஒனக்கு வரல?”

அக்கா சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த லேசான சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஒரு பொருளைச் சுத்தம் செய்யலாம். சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மூக்கே இல்லாதவள் எதைச் சுத்தம் செய்வது?

“சொல்லிரலாம்மா” என்றாள் அக்கா அன்று சாயங்காலம். “இப்படி ஆகிப்போச்சுன்னு அவுககிட்டச் சொல்லிருவோம். நல்லவுகதான்.”

அம்மா கையெடுத்துத் தடுத்தாள். “பொட்டு வச்ச சீர்ப் பெட்டியப் பிரிச்சுப் புழங்கிட்டுத்தான் குடுத்தாகன்னு ஒரு பேச்சு வந்தா, அவுக நல்லவுகளா இருந்தாலும் பேச்சு ஓயுமா? காலத்துக்கும் நிக்கும். வாயத் தொறக்காதீக ரெண்டு பேரும்.”

இன்னொன்று வாங்க எங்களிடம் வழி இல்லை. அக்கா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

அதன்பிறகு தோழிதான் என் கருவி. ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு அவளை வரச் சொல்வேன். அவள் பஸ் ஏறி வந்து, தலையை உள்ளே விட்டு, பத்துக்கு எத்தனை என்று மார்க் சொல்வாள். காப்பிப் பொடியைத் தட்டில் பரப்பி இரண்டு நாள் வைத்தேன். “பத்து. இப்போ காப்பி குடிச்சுட்டு தும்முற மாதிரி இருக்கு.” நியூஸ் பேப்பரைக் கசக்கி அடைத்தேன். “ஒம்போதரை, பாவம்னு போடுதேன்.” அடுப்புக் கரி வைத்தேன். “ஒம்போது.”

அம்மா ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, காம்பு கிள்ளிட்டு வந்தா கை காந்தும்ல, அப்ப நாங்க எலுமிச்சம்பளத்தப் போட்டா தேச்சோம்? தண்ணி பட்டா இன்னும்ல காந்தும். தேங்கா எண்ணெயத் தடவி, தவிட்டப் போட்டு உருட்டி எடுப்போம். அப்பறந்தான் தண்ணியே.”

எனக்கு அவமானமாக இருந்தது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். “மொதல்லயே சொல்லிருக்கலாம்லம்மா” என்றேன்.

“நீதான் படிச்சவ, என்னமோ செய்தியேன்னு இருந்தேன்.”

தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுச் சுவர், கூரை, கதவின் ரப்பர், கண்ணாடியின் ஓரம் எல்லாம் பூசினேன். தவிடு கிடைக்கவில்லை, கடலை மாவு. பிறகு வெந்நீரில் ஆப்பச் சோடா. பிறகு வெறும் துணி. மூன்று நாள், மூன்று சுற்று. தோழி வந்தாள். ஆறு. மறுபடி மூன்று சுற்று. நாலு. நான் குதித்தேன். இந்த வேகத்தில் போனால் தைக்குள் சைபர்தான் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் நாலிலேயே நின்றது. சுவரைத் துடைக்கலாம். உள்ளே வலது பக்கம் அட்டை மாதிரி ஒரு தகடு இருக்கிறது, அது நெடியைக் குடித்திருந்தது. காற்று போக மேலே சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கின்றன, அதற்குள் என் விரலும் போகாது, ஊக்கில் சுற்றிய பஞ்சும் முழுசாகப் போகாது. மார்கழி பிறந்தது. நாலு. கோலம் போட்டுவிட்டு வந்து துடைத்தேன். நாலு. ஒரு நாள் தோழி தலையை உள்ளே விட்டாள், வெளியே எடுத்தாள், மறுபடி விட்டாள்.

“ரெண்டுன்னு நெனைக்கேன்” என்றாள்.

“நெசமாவா?”

அவள் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. “கோவிச்சுக்காத. வாசல்ல வரும்போதும் இன்னைக்கு எனக்குத் தும்மல் வரல. கொறைஞ்சிருக்கா, இல்ல ஒங்கள மாதிரி எனக்கும் பழகிருச்சான்னு தெரியலடி.”

நான் மிஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருந்த ஒரே மூக்கும் போயிற்று. ஊரில் வேறு யாரைக் கூப்பிடுவது? பால்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் மண்டித் தெரு வழியாகப் போய் வருகிறவர்கள். தும்மாதவர் மூக்கை நம்ப முடியாது, தும்மினால் மிஷினாலா அப்பாவின் சட்டையாலா என்று பிரிக்க முடியாது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா தானே புது டேப் வாங்கி வந்து பெட்டியை ஒட்டினாள். பழைய டேப்பின் தடத்தின் மேலேயே சரியாக ஒட்டினாள். அம்மா குங்குமத்தைப் புதுப்பித்தாள். சீர் வண்டியில் அந்தப் பெட்டியைக் கட்டில் மெத்தைக்கு நடுவே அலுங்காமல் வைத்ததும் அக்காதான். கூட்டத்தில் ஒரு அம்மாள், “பாத்தீகளா, கேட்டதக் கரெக்டா செஞ்சுட்டாக” என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு நாளில் அக்காவைப் பார்க்கச் சிவகாசிக்குப் போனேன். சின்ன வீடு. அக்காவின் மாமியார் வாசலுக்கே வந்து, “வாத்தா, வெயில்ல வந்திருக்க, மொதல்ல உக்காரு” என்றார். பேச்சுக்கு நடுவே நடுவே நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டார். மிஷின் சமையலறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது, மேலே பூப்போட்ட துணி விரித்து.

“ஒங்க அக்கா வந்த பெறகு வீட்டுல புகைங்கிற பேச்சே இல்ல” என்றார். “எல்லாம் அந்த மிசினுதான். ஒங்க அப்பாவுக்குப் பெரிய மனசு.”

“நான் வாங்குனது, அத்த” என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள்.

“நீ வேற ஒங்க அப்பா வேறயா?” என்றவர், “புள்ளைக்குப் பாலு சுட வையி” என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் இருந்த துண்டை எடுத்து மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எழுந்து, வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்தார். தினமும் செய்து பழகிய காரியம் போல அது இருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பாலை உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கினாள். தட்டு சுற்றியது. மிஷின் ஓடி முடிப்பதற்குள் வாசலில் இருமல் கேட்டது. ஒன்று, பிறகு தொடர்ச்சியாக. நான் ஓடினேன். அவர் மடியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து வாயில் வைத்து இரண்டு முறை இழுத்துவிட்டு, எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

“பயந்துட்டியா? புது மிசினு, அப்படித்தான் ஒரு காட்டம் அடிக்கும். நாலு மாசம் ஓடுனா சரியாப் போயிரும்.”

“அத்த...” என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் ஆரம்பித்தேன். வாசல் நிலையில் அக்கா பால் தம்ளரோடு நின்றாள். வேண்டாம் என்று அவள் தலையசைக்கவில்லை, சொல் என்றும் இல்லை. அவள் வாழ வேண்டிய வீடு. நான் அரை மணியில் பஸ் ஏறிப் போகிறவள்.

“என்னத்தா?”

“உள்ளார நல்லாத் துடைச்சுக் குடுத்துட்டுப் போகவா? தேங்காய் எண்ணெய் இருக்கா?”

அவருக்கு இருமலோடு சிரிப்பு வந்துவிட்டது. “கேட்டியா கதைய? விருந்துக்கு வந்த புள்ள, புதுச் சாமானப் போயித் தொடைக்கேங்குது!”

அந்தப் பாலைக் குடித்தேன். எனக்கு அது வெறும் பாலாகத்தான் இருந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அக்கா கூட வந்தாள். விருதுநகர் பஸ் திரும்புவது தெரிந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“அடுப்புக்கு மாறிட்டா, ஏன்னு கேப்பாக. ஓட்டிக்கிட்டே இருந்தா, இப்படித்தான்.” பிறகு, “இன்னைக்கு ஒனக்கு வாட வந்துச்சா?” என்றாள்.

“இல்ல. ஒனக்கு?”

“இல்லடி” என்றாள். கண்டக்டர் ஏறச் சொன்னார். ஏறினேன்.