கைராசி விளக்கு

வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து ஐந்து மாணவர்கள் எங்கள் மலைப் பள்ளிக்கூடத்துக்கு விளக்குப் போட வந்தார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் சேவை செய்தால் அவர்கள் படிப்பில் அதற்கு மார்க் உண்டாம். எங்கள் இருட்டுக்கு எங்கோ யாரோ மார்க் போடுகிறார்கள் என்று நினைத்து அன்றைக்குச் சிரித்தேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருத்திதான் டீச்சர். பின்னறைதான் எனக்கு வீடு. கணவர் ராணுவத்தில் இருந்தார். பால் மறக்கடித்த கையோடு மகளைக் கணியம்பாடியில் அக்காவிடம் விட்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மாணவர்கள் நல்ல பிள்ளைகள். ஓட்டின் மேல் சூரியத் தகட்டை மாட்டி, என் அறையில் ஒரு லாரி பேட்டரியை வைத்து, வகுப்பறையில் ஒரு டியூப் லைட் எரிய வைத்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவள் என்று பேட்டரியைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாள் சுவிட்சையும் மரியாதைக்காக என்னையே போடச் சொன்னார்கள். அங்கேதான் வினை தொடங்கியது.

எங்கள் ஊரில் சாமை விதைக்கும்போது முதல் பிடியைக் கைராசி உள்ளவர்தான் வீச வேண்டும். விளைச்சல் நன்றாக வந்துவிட்டால் அடுத்த வருஷமும் அவரை விடமாட்டார்கள். விளக்கு எரிந்ததைப் பார்த்த ஊர், கைராசி என்னுடையது என்று முடிவு கட்டியது. மாணவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள், நான் மாட்டிக்கொண்டேன்.

காய்ச்சலில் கிடந்தபோதுகூடக் கைத்தாங்கலாக எழுப்பி சுவிட்சைப் போட வைத்தார்கள். பொழுது சாய்ந்தால் பெண்கள் புளி உடைக்க வந்துவிடுவார்கள், ஆண்கள் கதை பேச வந்துவிடுவார்கள். என் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு பழைய புடவைதான் திரை. பொழுது சாயும்போது நான் அங்கே இருந்தாக வேண்டும் என்று சனிக்கிழமைப் பயணம் நின்றுபோனது.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பேட்டரி வேலையைப் பழக்கிப் பார்த்தேன். சீக்கிரமே கற்றுக்கொண்டாள்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறேன் டீச்சரம்மா. சுவிச்சு மட்டும் வேணாம். எரியாம பூட்டா ஊரு என்னெத்தான் ஏசும்" என்றாள்.

பொங்கல் லீவில் சண்டை போடாத குறையாக வீட்டுக்குப் போனேன். மகள் அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். மறுநாளே கல்வி அலுவலகத்துக்குப் போய் மாற்றல் கேட்டேன். கணியம்பாடிப் பக்கமே தருகிறேன் என்றார் அதிகாரி. மலையில் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் ஊர்க்கவுண்டர் நாலைந்து பேரோடு வந்தார். கையில் ஒரு பாட்டில் தேன் இருந்தது.

"ஆபீசுக்குப் போய்ட்டு வர்றோம் டீச்சரம்மா. உங்கள மாத்தப் போறாங்கன்னு ஆபீசு ஜீப்புக்காரன் சொன்னான். எங்க டீச்சரம்மா இன்னா தப்பு பண்ணாங்க, இன்னாத்துக்குத் தூக்குறீங்கன்னு கேட்டேன். அதிகாரி மாத்தலன்னு சொல்லிட்டாரு."

மாற்றல் என்றாலே தண்டனை என்று அவர்களுக்கு நினைப்பு. நான்தான் கேட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், உட்காருங்கள் என்றுதான் சொன்னேன். பஸ்ஸுக்கு எத்தனை தூரம் நடந்திருப்பார்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பேன். எனக்கு அந்த மாணவர்கள் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

வகுப்பறையில் பெண்கள் புளியோடு காத்திருந்தார்கள். போய் சுவிட்சைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. பின்னறைக்கு ஓடித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன். புடவைக் கிழிசல் வழியாக வெளிச்சம் என் முகத்திலேயே விழுந்தது. தேன் பாட்டிலை வைக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் என் கண்ணைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அழாதீங்க டீச்சரம்மா. நாங்க இருக்கிற வரைக்கும் உங்கள எங்கயும் அனுப்ப வுடமாட்டோம்."