என்னை ஏர்ல போடாதீங்க

ஃபோன் எடுக்கிற வேலையில சம்பளம் கம்மி, திட்டு ஜாஸ்தி. இதை ஃபோன் எடுத்துப் பிழைக்கிற சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பார்த்தது அதிலேயும் விசித்திரமான வேலை. ரேடியோவுல அரசியல் பேசி, கேக்கறவங்களையும் ஃபோன்ல கூப்பிடச் சொல்வாங்களே, அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு வர்ற கால் எல்லாத்தையும் முதல்ல நான்தான் எடுப்பேன். பேர் என்ன, எந்த ஊர், என்ன பேசப்போறீங்கன்னு கேட்டு, தேறும்னா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னாடி உக்காந்திருக்கிற மார்வினுக்குத் தள்ளிவிடுவேன். 'ஏர்ல போடறது'ன்னா அதுதான், அவங்க குரல் நேரா ரேடியோவுல போயிடும். தேறாதுன்னா நானே பேசி அனுப்பி வைக்கணும். கால் ஸ்க்ரீனர்னு பேரு. பேரு மட்டும்தான் பெருசு.

மார்வின் அறுபதை நெருங்கற, மனைவியை இழந்த மனுஷன். கூலிக்காரன் பக்கம், யூனியன் பக்கம், ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட முடியாதவன் பக்கம் பேசுவார். ரேடியோவுல அப்படிப் பேசறவங்க அப்போ அபூர்வம். எந்த ஸ்டேஷனும் எங்களை ரொம்ப நாள் வச்சுக்கலை. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, டெக்சாஸ்னு தொண்ணூறுகள் பூரா மூட்டை கட்டிக்கிட்டே இருந்தோம். நியூ ஜெர்சி எடிசன்ல என் கல்யாணம் முறிஞ்சு போயிருந்தது. கையில க்ரீன் கார்டும், கோயமுத்தூர்ல வாங்கின இங்கிலீஷ் எம்.ஏ.வும் இருந்தது. தினமும் என்கிட்ட பேசற ஒரே ஆள் மார்வின்தான். அதுவும் ஹெட்ஃபோன்ல, "அடுத்தது யாரு, புவனா?"ன்னு.

ஜெர்சிக்காரங்க

நியூ ஜெர்சியில மார்வினை யாருக்கும் பிடிக்காது. ஆனா மத்தியானம் ரெண்டு மணி ஆச்சுன்னா எல்லா லைனோட விளக்கும் எரியும். நான் முதல்ல ஒரு அசடு மாதிரி, அவர் சொல்றதை ஒத்துக்கறவங்களைப் பொறுக்கிப் பொறுக்கி அனுப்பினேன். நிகழ்ச்சி படுத்துடுச்சு. அப்புறம்தான் புரிஞ்சது, இந்த ஊர்ல ரேடியோ கேக்கறதே சண்டை போடத்தான். வெட்டுவேன் குத்துவேன்கிற ஆளை முதல்ல அனுப்பணும். மார்வினும் சளைக்காம திருப்பிக் கொடுப்பார். திருப்பிக் கொடுக்கிறதாலதான் அவர்மேல அவங்களுக்கு ஒரு மரியாதை.

பிளம்பர் ஒருத்தர் விடாம கூப்பிடுவார். மார்வினோட குரல், கொள்கை, பரம்பரை எல்லாத்தையும் என்கிட்டயே திட்டித் தீர்த்துடுவார். ஒருநாள் லைன் காலி இல்லை, இன்னிக்கு உங்களை எடுக்க முடியாதுன்னு சொன்னேன். அதுக்கும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டினார். அப்புறம் சொன்னார்: "அவனை எனக்கு அடியோட பிடிக்காதுன்னு சொல்லு. ஆமா, நாளைக்கும் ரெண்டு மணிக்குத்தானே?"

ஓக் ட்ரீ ரோடுல வசந்தா ஆன்ட்டி

ஒரு சனிக்கிழமை, எடிசன்ல நம்ம ஊர்க் கடைங்க இருக்கிற ஓக் ட்ரீ ரோடுல, மளிகைக் கடையில கறிவேப்பிலை பொறுக்கிட்டிருந்தேன். பின்னாடி வசந்தா ஆன்ட்டி. நான் புருஷனோட இருந்த காலத்துல மாசா மாசம் பொட்லக்குக்கு, அதாவது ஆளுக்கொண்ணு சமைச்சு எடுத்துட்டு வந்து சேர்ந்து சாப்பிடறதுக்கு, கூப்பிட்டவங்க. "வேலைக்குப் போறியாமே, ரேடியோவுல பாட்டு போடறியா?"ன்னு கேட்டாங்க. இல்ல ஆன்ட்டி, ஃபோன் எடுக்கறேன்னேன். அவங்க கண்ணு என் கூடையில இருந்த சின்ன அரிசிப் பையையும் ஒத்தைத் தயிர் டப்பாவையும் ஒரு சுத்து சுத்தி வந்தது.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. உங்க பொட்லக்கும் வேண்டாம், நீங்க பண்ற புளியோதரையும் வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க: "நாளைக்கு நம்ம வீட்லதான் எல்லாரும் சேர்றோம். உன்னையும் கூப்பிடணும்னுதான் நினைச்சேன். எல்லாரும் ஜோடி ஜோடியா வருவாங்கம்மா, உனக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

எல்லாரும் ரொம்ப நல்லவங்க

ஜெர்சி ஸ்டேஷன் கை மாறினதும் கலிஃபோர்னியா. சன்னிவேல்ல ஒரு ஒண்டிக்குடித்தன ரூம் எடுத்தேன். அங்கே மார்வினை எல்லாருக்கும் பிடிக்கும். கூப்பிடறவங்க அத்தனை பேரும் அவர் கட்சி. சண்டை போட ஒரு ஆள் கிடைக்காம நான் லைன் லைனா அலைஞ்சேன். அவங்களுக்கு மார்வின் புதுசா எதுவும் சொல்ல வேண்டாம். தாங்கள் ஏற்கெனவே நினைச்சது சரிதான்னு நல்ல குரல்ல ஒருத்தர் சொன்னாப் போதும். ஆனா ஒரு வார்த்தை பிசகினா போச்சு, கோபப்பட மாட்டாங்க, வருத்தப்படுவாங்க. ஜெர்சி கோபத்தையாவது தாங்கிக்கலாம், இந்த வருத்தம் இருக்கே, அப்பப்பா!

ஒரு அம்மா ரொம்ப நேரம் மெதுவா மார்வினைப் பாராட்டினாங்க. சரி, ஏர்ல பேசறீங்களான்னு கேட்டேன். "அவர் சொன்னது ஒவ்வொண்ணும் சரி. ஆனா நடுவுல அவர் கையில, பூமிக்கே ஆகாத பிளாஸ்டிக் பாட்டில் நசுங்கற சத்தம் கேட்டுது. எனக்கு இன்னிக்கு அதுக்கு மேல பேசற மனநிலை இல்லை."

எல் கமினோ ரியல்ல ஒரு மசால் தோசை

தீபாவளி அன்னிக்கு நிகழ்ச்சி முடிஞ்சு எல் கமினோ ரியல்ங்கிற பெரிய ரோடுல ஒரு தோசைக் கடைக்குப் போனேன். நெரிசல். ஒத்தை ஆளா வந்ததால, தனியா உக்காந்திருந்த ஒரு நம்ம ஊர்ப் பையன் டேபிள்லயே உக்கார வச்சாங்க. சாஃப்ட்வேர்தான், வேற என்ன! சம்பளத்தோட ஸ்டாக் ஆப்ஷன்னு கம்பெனி ஷேரும் வாங்கற கூட்டம். தமிழ் கேட்டு எத்தனை நாளாச்சுன்னு எனக்கு வாய் அடங்கலை. என் வேலையைப் பத்தி, மார்வினைப் பத்தி, எங்க ஸ்டேஷனை விக்கப் போறாங்க, இனிமே அதுல ஷேர் மார்க்கெட் மட்டும்தான் பேசுவாங்கன்னு எல்லாத்தையும் கொட்டினேன். பையன் தலையாட்டிக்கிட்டே சாம்பார் குடிச்சான். சாப்பிட்டு முடிச்சு எந்திரிக்கும்போது அக்கறையாத்தான் கேட்டான்: "அப்போ உங்களுக்கு ஸ்டாக் ஆப்ஷன் எதுவும் தரலையா, மேடம்?"

டெக்சாஸ்ல எரிஞ்ச லைன்கள்

கடைசி வாய்ப்பா டெக்சாஸ்ல ஒரு சின்ன ஸ்டேஷன் கூப்பிட்டாங்க. ரவுண்ட் ராக்ல அபார்ட்மென்ட் எடுத்தேன். இதுவும் ஓடலைன்னா மார்வின் ஃப்ளோரிடாவுல அக்கா வீட்டுக்குப் போயிடுவார். எனக்கு வேலையும் போயிடும், பேச இருக்கிற ஒரே ஆளும் போயிடும். மேனேஜர் க்ளென் முதல் நாளே சொல்லிட்டார், கோடை முடியறதுக்குள்ள ஜனங்க ஏர்ல வந்து பேசணும், இல்லைன்னா கடையைக் கட்டிடுவோம்னு.

மார்வின் ஜெர்சி பாணியில கத்தினார். ஈ காக்கா கூப்பிடலை. ஒருநாள் தொண்டை கட்டிப்போய், வேற வழியில்லாம மெதுவா, தன் மனைவி ஆஸ்பத்திரியில கிடந்த கதையைச் சொன்னார். அவ்வளவுதான், எல்லா லைனும் எரிஞ்சுது. நான் துள்ளிக்கிட்டு எடுத்தேன். ஆனா ஒருத்தர் கூட ஏர்ல பேச மாட்டேன்னுட்டாங்க! சின்னச் சின்ன ஊர், குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்களாம். சர்ச்சுல, ஃபுட்பால் மைதானத்துல, யார் முகத்துல முழிக்கிறது? எல்லாரும் மார்வின்கிட்ட சொல்லச் சொல்லி என்கிட்ட சொன்னாங்க. டோரதின்னு ஒரு அம்மா தினமும் சூப்பர் மார்க்கெட் வாசல்ல காரை நிறுத்தி நிகழ்ச்சியைக் கேட்டுட்டு, அங்கேயே பே ஃபோன்லேர்ந்து கூப்பிடுவாங்க. நாட்டுலேயே ஜாஸ்தியா மரண தண்டனை கொடுக்கிற அந்த மாநிலத்துல, அது தப்புன்னு அவங்க நினைக்கிறது வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அவர் சர்ச்சுல பெரிய மனுஷர். "என்னை ஏர்ல போடாதீங்க, மேம். இந்தக் கவுன்ட்டியிலேயே இப்படி நினைக்கிற ஆள் நான் ஒருத்திதான்னு மட்டும் மார்வின்கிட்ட சொல்லுங்க."

அன்னிக்கு மட்டும் அதே வார்த்தையை இன்னும் நாலஞ்சு பேர் சொன்னாங்க. எல்லாரும் அதே கவுன்ட்டி, நம்ம ஊர்க் கணக்குல ஒரே ஜில்லா. எனக்கு எடிசன் பொட்லக் ஞாபகம் வந்துடுச்சு. மனசுல இருக்கிறதை முழுங்கிட்டு புளியோதரை நல்லாருக்குன்னு சொன்ன எத்தனை ஞாயித்துக்கிழமை! அன்னிலேர்ந்து இவங்க பேச்சை எல்லாம் மார்வின் மூலமா ஊரும் பேரும் இல்லாம சொல்ல வச்சேன். க்ளென்கிட்டயும் போய், கேக்கறாங்க சார், நிறைய பேர் கேக்கறாங்கன்னு மன்றாடினேன். அவர் என்னைப் பாவமாப் பார்த்தார்: "மேம், சத்தம் போடாத ஆளுங்களைக் காட்டி நான் எப்படி விளம்பரம் வாங்கறது?"

கடைசி நாள்

கோடை முடிஞ்சுது. கடைசி நிகழ்ச்சி. மார்வின் பாதியிலேயே, இன்னியோட நான் போறேன்னு சொல்லிட்டார். டோரதி கூப்பிட்டாங்க. வழக்கமா சொல்றதைச் சொல்லப் போறாங்கன்னு காத்திருந்தேன். "இன்னிக்கு என்னைப் போடுங்க"ன்னாங்க. சட்டுனு மார்வின் பக்கம் தள்ளிவிட்டேன். ஏர்ல வந்து பேர் சொன்னாங்க, ஊர் சொன்னாங்க. "கார்ல ஐஸ்க்ரீம் உருகிட்டிருக்கு, சுருக்கமாச் சொல்றேன். ஒரு உயிரை எடுக்கிற உரிமை நமக்கு இல்லை. இதைச் சத்தமா சொல்றது இதுதான் முதல் தடவை"ன்னாங்க. மார்வின் அவங்களுக்கு நன்றி சொல்லிட்டு விளம்பரத்துக்கு விட்டார். டோரதியைத் திரும்ப என் லைனுக்கு வாங்கி, கொஞ்சம் இருங்கம்மான்னு நிறுத்தி வச்சேன். ஃபோனை வைக்க எனக்கு மனசு வரலை.

அடுத்த லைன்ல ஒரு பெரியவர், புதுக் குரல். பேர், ஊர் கேட்டேன். அதே ஊர். என்ன பேசப்போறீங்கன்னு கேட்டேன். "இப்போ பேசினது என் மனைவி, மேம். நான் வீட்டுக் கராஜ்ல இருக்கேன். தினமும் இங்கேதான் கேப்பேன். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவகிட்ட சொல்லத் தைரியம் வரலை"ன்னார். ஏர்ல சொல்றீங்களான்னு கேட்டேன். வேண்டாம், அவளுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னார். எனக்கு அழுகை வந்துடுச்சு. ஒரே வீடு, ரெண்டு ரேடியோ, இவர் கராஜ்ல, அவங்க சூப்பர் மார்க்கெட் வாசல்ல! பேசாம ரெண்டு பேரும் ஒரு ரேடியோவை நடுக்கூடத்துல வச்சுக் கேட்டிருக்கலாமே.

டோரதி லைனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பா அழுகையான்னு தெரியாம ஒரு குரல் வந்தது: "புல் வெட்டற மெஷினை ரிப்பேர் பண்றேன்னுதானே தினமும் சொன்னாரு அந்த மனுஷன்!"

மார்வின் ஃப்ளோரிடா போயிட்டார், நான் இதே ரவுண்ட் ராக்ல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில ரிப்பேர் புகார்களுக்கு ஃபோன் எடுக்கறேன், கூப்பிடறவங்கள்ல பாதிப் பேரோட கம்ப்யூட்டர் நல்லாத்தான் வேலை செய்யுது.