'ஒன்றுமில்லை' என்று வந்த காகிதம்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆவணி மாதம், அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. ஹைவேயில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிற வேலை. மாப்பிள்ளை பென்னாகரம் பக்கம், பெங்களூரில் வேலை. தை மாதம் கல்யாணம் என்று மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மாப்பிள்ளை என்னை ஒகேனக்கலுக்குக் கூட்டிப் போனார். புரட்டாசி என்பதால் மீனைத் தொடவில்லை, அவ்வளவு பக்தி! திரும்பும் வழியில் அவருடைய நண்பர் வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. சாவி இவரிடம் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கே இருந்தோம். எனக்கும் விருப்பம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? முத்தம், அணைப்பு, கொஞ்சல், அதோடு சரி. மிச்சமெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் என்றேன். அவரும் சரி என்றார்.

கிளம்பும்போது பெருமையாக ஒன்று சொன்னார். "நமக்கு இதெல்லாம் புதுசில்ல. பெங்களூர்ல பசங்களோட அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் போயிருக்கறேன்." பாதுகாப்பாகத்தானே என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு பாத்தா!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடவில்லை. லேசாகச் சளி பிடித்தாலும் அதுதானோ என்று தோன்றும். கடையில் பில் போட்டுக்கொண்டே போனில் தேடுவேன். முத்தத்தில் எச்ஐவி வருமா, தொட்டால் வருமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா? ஒரு பக்கம் வராது என்று போட்டிருக்கும். அடுத்த பக்கம் வேறு மாதிரி பயமுறுத்தும். நான் குடித்த டம்ளரை அம்மா தொடாதபடி தனியாக எடுத்து வைத்தேன். யாரிடம் போய்க் கேட்பது? கல்யாணம் ஆகாத பெண் இந்தக் கேள்வியை வாயைத் திறந்து கேட்டுவிட முடியுமா?

கடைசியில் கார்த்திகையில் ஒருநாள், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எச்ஐவி பரிசோதனை செய்யும் அறையில் ஓர் ஆலோசகர் அம்மா இருந்தார். நான் அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். "முத்தம் குடுத்ததுல, கட்டிப்புடிச்சதுல, கைபட்டதுல எல்லாம் இது வராதும்மா. நீ சொல்றதப் பாத்தா டெஸ்ட்டே தேவையில்ல. ஆனா உன் மூஞ்சியப் பாத்தா, வெறும் வாயில சொன்னா நீ நம்பமாட்ட போலருக்குது. எடுத்துரு" என்றார். அன்றைக்கே முடிவைக் காகிதத்தில் கொடுத்தார்கள். ஒன்றும் இல்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி அவர ஒருக்கா வரச்சொல்லு. அவருக்குத்தான் இது அவசியம்" என்றும் சொன்னார்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு வெளியே வந்தால், எதிர் பெஞ்சில் மாப்பிள்ளையின் சித்தி! முழுகாமல் இருக்கும் மருமகளை ரத்தம் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறார். கர்ப்பிணிகளுக்கும் அதே அறையில்தான் பரிசோதனை. "நீ எங்கம்மா இங்க?" என்றார். தலைவலி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் கண் என் முகத்தில் இல்லை, என் வயிற்றில் இருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்களேன் என்றேன். "என்னக் கேக்காம அங்க எதுக்குப் போன?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

அந்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர், அவர் அம்மா, சித்தி. அம்மா கொடுத்த காபியை யாரும் தொடவில்லை. அவர் அம்மாதான் ஆரம்பித்தார். "நேராவே கேக்கறனுங்க. உங்க பொண்ணு முழுவாம இருக்குதா?"

என் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், முட்டாள். உள்ளே போய் அந்தக் காகிதத்தை எடுத்து வந்து நீட்டினேன். "கர்ப்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எச்ஐவி டெஸ்ட் எடுத்தேன். எதுவும் இல்லன்னு போட்டிருக்குது, படிச்சுப் பாருங்க."

சித்தி அதை வாங்கவே இல்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஒண்ணுமே இல்லாதவ எதுக்கு அங்க போவா?" என்றார்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "நான் ஏன் போனேன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் போனைத் தடவிக்கொண்டே, "எனக்கென்ன தெரியும்? அவளத்தான் கேக்கணும்" என்றார். இனி என்ன அவர்? அவன்!

எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பூட்டிய வீடு, பெங்களூர், அந்தச் சிரிப்பு. "பொய்யின்னா நாளைக்கே அவரக் கூட்டிட்டு வாங்க. நானும் வரேன். பாத்துரலாம்" என்றேன். அவன் அம்மா எழுந்துவிட்டார். "ஆம்பளப் புள்ளைய எதுக்கு அங்க கூட்டிட்டுப் போவணும்? எங்க வூட்டுல யாருக்கும் அப்படித் தலையெழுத்து இல்ல." அத்தோடு கல்யாணம் நின்றது. நிச்சயத்துக்கு எடுத்த புடவையை ஆள் விட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் கேட்டபடி சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா, அவர்கள் போனபிறகு எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். அப்புறம் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பேப்பர எதுக்கு எடுத்தாந்து காட்டின?" அவன் அப்படிப்பட்டவனா என்று கேட்கவில்லை. நீ எத்தனை நாளாக இப்படிப் பயந்துகொண்டிருந்தாய் என்றும் கேட்கவில்லை. அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

வைகாசியில் அவனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் முடிந்தது. அவனிடம் யாரும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை. தங்கமான பையன் என்றுதான் ஊரில் பேச்சு. என்னைப் பெண் கேட்டு வருகிறவர்கள் எங்கேயாவது விசாரித்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறார்கள். அம்மா ஜாதகத்தின்மேல் பழியைப் போடுகிறாள். அந்தப் புதுப்பெண்ணிடம் யாராவது சொல்ல வேண்டும் என்று பலமுறை போனை எடுத்திருக்கிறேன். நான் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள் என்று வைத்துவிடுவேன். அந்த ஆலோசகர் அம்மா மட்டும்தான் அன்று என்னை மனுஷியாக நடத்தினார். நாளைக்கே மறுபடி ஒரு பயம் வந்தாலும் அதே அறைக்குத்தான் போவேன். ஆனால் எனக்கு ஒன்றுமில்லை என்று நிரூபிக்க, இனி யார் முன்னாலும் காகிதத்தை நீட்ட மாட்டேன்.