இரண்டு தரம் கேட்ட சத்தம்

எனக்குப் பத்து வயது நடந்தபோது, ஒரு கைத்துப்பாக்கி என்னென்ன காரணங்களால் சுடாமல் போகலாம் என்பது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் வயதுப் பிள்ளைகள் எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவு மூன்று கிழமைகளில் வந்தது. மாமாவின் அகதி விசாரணையை ஒத்திவைத்த மூன்று கிழமைகள் அவை.

மாமா அம்மாவின் தம்பி. ஊரில் மினிபஸ் ஓட்டியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்து, எங்கள் இரண்டு அறை அப்பாட்மென்றின் ஹோலில் இருந்த சோபாவில் படுத்தெழும்பிக்கொண்டிருந்தார். அவருடைய கதை சுருக்கமானது. சிலர் வந்து பஸ்ஸைக் கேட்டார்கள். அவர் திறப்பைக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் சந்திக் கடையிலிருந்து வெளியே வந்தபோது ஒரு பொடியன் எதிரே வந்து, கைத்துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டி விசையை இழுத்தான். 'டிக்' என்று ஒரு சத்தம். குண்டு வரவில்லை. திரும்பவும் இழுத்தான். திரும்பவும் 'டிக்'. மாமா தப்பி வந்துவிட்டார். பஸ்ஸைக் கேட்டவர்கள் யார் என்பதை எங்கள் வீட்டில் எவரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை.

விசாரணை அதிகாரிகள் இதை நம்பினால் மாமா கனடாவில் இருக்கலாம். நம்பாவிட்டால் திரும்பிப் போகவேண்டும். எனக்கு விளங்கிய அளவில் விஷயம் அவ்வளவுதான்.

பிழை பாரத்தில் இருந்தது. அந்த நாட்களில் புதிதாக வந்தவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு அண்ணை பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார். மாமா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் பேனையை நிறுத்தியிருக்கிறார். "பிஸ்டல் எண்டு மட்டும் போட்டால் எல்லாரும் போடுறதுதானே தம்பி. மொடலைப் போட்டால்தான் வெள்ளையள் நம்புவாங்கள்" என்றாராம். மாமாவுக்கு மொடல் தெரியாது. அந்த அண்ணைக்கு ஒரு மொடல் தெரிந்திருந்தது. ஒன்பது மில்லிமீற்றர், பெல்ஜியம் நாட்டு வடிவமைப்பு, மகசினில் பதின்மூன்று ரவைகள். அதையே ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

விசாரணை நாளில் அதிகாரிகள் இருவரில் வயதானவர் அந்த வரியில் நின்றுவிட்டார். அவர் இளவயதில் கனடா இராணுவத்தில் இருந்தவர். அங்கே அவருடைய இடுப்பில் இருந்தது அதே துப்பாக்கி. சேற்றிலும் பனியிலும் அது தன்னை ஒருநாளும் கைவிட்டதில்லை என்றும், அடுத்தடுத்து இரண்டு தரம் எப்படிக் கைவிட்டது என்று விளக்கமுடியுமா என்றும் மரியாதையாகவே கேட்டாராம். மாமா தன்னுடைய லோயரைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். லோயர் அவகாசம் கேட்டார். கிடைத்தது.

துணைக்குப் போயிருந்த அப்பா வீட்டுக்கு வந்து, போட்டிருந்த கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"உலகத்தில எத்தினை பிஸ்டல் இருக்கு மச்சான்? அந்தாள் கட்டிக்கொண்டு திரிஞ்சதையே தேடிப்பிடிச்சு எழுதிக் குடுத்திருக்கிறாய்."

"நான் எழுதேல்லை அத்தான். அந்த அண்ணை எழுதினது."

"கையெழுத்து வைச்சது ஆர்?"

அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

அப்பா ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தும் பிற்றராக இருந்தவர். ரொறன்ரோவிலும் கார்ப் பாகங்கள் செய்யும் இடத்தில் கடைசல் இயந்திரத்தில்தான் வேலை. துப்பாக்கியை அவர் கையால் தொட்டதே இல்லை. ஆனால் இரும்பும் இரும்பும் உரசும் இடம் எதுவானாலும் அது தன்னுடைய பாடம் என்று நினைப்பவர். பிஸ்டலும் ஒரு மெசின்தானே, படித்துப் பார்ப்போம் என்றார். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஆள் நான். ஆகவே லைபிரரிக்கு நான்தான் போனேன்.

படங்கள் நிறைந்த இரண்டு தடித்த புத்தகங்களை மேசையில் வைத்தபோது லைபிரரிப் பெண் என்னைப் பார்த்தார், பிறகு அட்டையைப் பார்த்தார். பள்ளிக்கூட வேலைக்கா என்று கேட்டார். என் மாமாவுக்கு என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் திகதி குத்தித் தந்தார். இன்று ஒரு பத்து வயதுப் பிள்ளை அப்படிப் போய் நின்றால் என்ன நடக்கும் என்று தெரியாது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்டதும் குசினி மேசையில் புத்தகம் விரியும். நான் வாசித்துச் சொல்வேன். அவர்கள் இருவரும் வாதாடுவார்கள்.

எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது அமெரிக்காவின் பழைய நாற்பத்தைந்து கலிபர் பிஸ்டல். ஏழே ரவைகள், பெரிய குண்டு. அதன் பாகங்களுக்கிடையில் வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். மண் போனாலும் தண்ணீர் போனாலும் இறுகாமல் வேலை செய்யும். குலுக்கினால் கிலுக்கு மாதிரிச் சத்தம் போடும் என்று எழுதியிருந்தது.

"அப்ப குறி பிசகுமே" என்றார் மாமா.

"பிசகும்தான்" என்றார் அப்பா. "இறுக்கிச் செய்தால் நேராய் அடிக்கும், ஆனால் ஒரு தூசி போனால் நிண்டிடும். தளர்வாய்ச் செய்தால் நிக்காது, ஆனால் நேராய் அடியாது. ரெண்டும் வேணுமெண்டால் ஏலாது." எழுந்து போய் பல்கனிக் கதவை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். எங்கள் கதவு ஆடும், காற்று உள்ளே வரும், ஆனால் எந்தக் குளிரிலும் திறக்கும். பக்கத்து வீட்டுக் கதவு நன்றாகப் பொருந்திய கதவு. தை மாதம் முழுக்க அது உறைந்துபோய்க் கிடந்தது.

"கதவைச் சாத்துங்கோ, பிள்ளைக்குக் குளிருது" என்றார் அம்மா.

அப்பாவுக்கு வேண்டியிருந்தது எளிதில் நின்றுபோகும் ஒரு துப்பாக்கி. ஜேர்மன்காரரின் பழைய மொடல் ஒன்று அதற்குத் தோதாக அகப்பட்டது. ஒவ்வொரு வெடிக்கும் அதன் முதுகில் ஒரு மூட்டு முழங்கால் மாதிரி மேலே மடிந்து நிமிரும். குழல் சாயாமல் நேராகவே பின்னுக்குப் போய்வருவதால் குறி தப்பாது. ஆனால் ரவை கொஞ்சம் பலம் குறைந்ததாக இருந்தாலும், புழுதி பட்டாலும் முரண்டு பிடிக்கும்.

"இதுதான்" என்று அப்பா படத்தில் விரலை வைத்தார். "இதெண்டு சொல்லு. இது நிக்கும் எண்டு புத்தகமே சொல்லுது."

"முழங்கால் மாதிரி ஒண்டும் இருக்கேல்லை அத்தான்."

"உந்த நேரத்தில நீ முழங்காலைப் பாத்தனியே?"

"பிஸ்டலை மட்டும்தான் பாத்தனான். வேற எங்க பாக்கிறது?"

பெல்ஜியத் துப்பாக்கியைப் பற்றிய பக்கத்தில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதை ரொறன்ரோவிலேயே, ஏரிக்கரைக்குக் கிட்ட இருந்த ஒரு தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறார்கள். அப்பா தலையில் கையை வைத்தார். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அது என்னை விட முந்தின கனடாக்காரன்" என்றார். அவர் சிரித்தது அந்தக் கிழமையில் அது ஒருதரம்தான்.

நான் அந்தத் துப்பாக்கிக்காகக் கட்சி கட்டிக்கொண்டு பேசினேன். பெல்ஜியத்தின் விசை கொஞ்சம் பாரம், மகசினைக் கழற்றினால் சுடாதபடி உள்ளே ஒரு தடை வைத்ததுதான் காரணம் என்றும், ஆனாலும் அது நின்றுபோவது மிக அரிது என்றும் வாசித்தேன். எத்தனையோ ரவைகளை நிற்காமல் சுட்டு முடித்த சோதனைகளை வாசித்தேன். நல்ல துப்பாக்கியின் நல்ல குணம் ஒன்றைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா தலையை ஆட்டி, "கெட்டிக்காரி" என்பார். நான் பக்கம் பக்கமாக நிறுவிக்கொண்டிருந்தது அவர் உயிரோடு இருக்க நியாயமில்லை என்பதை. அது எனக்கு உறைக்கவில்லை. அவர் அதை ஒருநாளும் எனக்குக் காட்டவில்லை.

இரண்டாவது கிழமை முடிவில்தான் அந்தப் பந்தியைக் கண்டேன். பெல்ஜியத்திலும் அமெரிக்க நாற்பத்தைந்திலும் விசைக்கு ஒரு வேலைதான். பின்னால் நிமிர்ந்து நிற்கும் சின்னச் சுத்தியலை அது விழுத்தும். சுத்தியல் விழுந்து ரவை வெடிக்காவிட்டால், விசையைத் திரும்ப இழுத்தும் பயனில்லை. ஒரு சத்தமும் வராது. மேலே இருக்கும் ஸ்லைட் என்ற இரும்புக் கூட்டைக் கையால் பின்னுக்கு இழுத்துவிட்டால், கெட்ட ரவை வெளியே விழுந்து புது ரவை உள்ளே போகும். அதற்கு ஒரு வினாடி போதும்.

"அப்பா!" என்று கத்தினேன். "உதில ரெண்டு தரம் டிக் எண்டு கேக்காது. ஒருக்காத்தான் கேக்கும். மாமா சொல்லுறது பிழை!"

அம்மா அடுப்பை நிற்பாட்டினார். நான் பரிசு வாங்கியவள் மாதிரிப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாதான் முதலில் வாய் திறந்தார். "அந்தக் கிழவனுக்கு இது தெரிஞ்சிருக்கும். அதுதான் கேட்டிருக்கிறான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சான், ஒரு சத்தத்தைக் குறை. பயத்தில பிழையா எண்ணிப்போட்டன், ஒருக்காத்தான் கேட்டதெண்டு சொல்லு. பாரமும் சரி, பிஸ்டலும் சரி, எல்லாம் பொருந்தும்" என்றார்.

"ரெண்டு தரம் கேட்டது அத்தான்."

"எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லுறதைச் சொல்லுறன்."

"குறைக்கேலாது." மாமா தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகத் தள்ளிவைத்தார். "மொடல்தான் பொய். அதை எடுத்துவிடுறன். சத்தத்தை விடமாட்டன். ரெண்டாந்தரம் அவன் ரிகரை இழுக்க, பின்னால அந்தச் சின்னச் சாமான் தானா எழும்பி விழுந்தது. நான் கண்டனான்."

"பாரத்தில இருக்கிற மொடலை மாத்தினால் முழுக்கப் பொய்யெண்டு திருப்பி அனுப்புவாங்கள்."

"அனுப்பட்டும்."

அம்மா அழத் தொடங்கினார். நான் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினேன். அழுகைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஜேர்மன்காரர் பிறகு போரில் பாவித்த மொடலின் பக்கம் வந்தது. அதன் விசைக்கு இரண்டு வேலை. சுத்தியலைத் தானே தூக்கும், தானே விழுத்தும். முதல் இழுப்பு நீளம், பாரம், அதனால் முதல் குண்டின் குறி கொஞ்சம் கெடும். ஆனால் ரவை வெடிக்காவிட்டால் அதே ரவையை இன்னொரு தரம் தட்டிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் மற்றவை மாதிரியே ஸ்லைடை இழுத்துப் புது ரவை ஏற்றலாம். ஈரம் பிடித்த பழைய ரவை இரண்டாந்தரமும் வெடிக்காமல் போகலாம். வாசித்தேன். மாமா படத்தைக் கனநேரம் பார்த்தார்.

"இதெண்டு சொல்லு" என்றார் அப்பா.

"இதாயிருக்கலாம். தெரியாது. தெரியாதெண்டுதான் சொல்லப்போறன்."

விசாரணை திரும்பக் கூடியபோதும் அப்பா போனார். நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தோம். மொடலைத் தான் சொல்லவில்லை, நம்பவேண்டும் என்பதற்காகச் சேர்த்தது, அது பிழை என்று மாமா முதலிலேயே சொல்லிவிட்டார். வயதான அதிகாரி பேனையைக் கீழே வைத்தாராம். இரண்டு சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கேட்டாராம். மாமா கண்ணை மூடிக்கொண்டு நாக்கால் ஒருதரம் 'டிக்' என்றார். அந்த அறை முழுக்கக் காத்திருந்தது. பிறகு மற்றது. சுத்தியல் தானாக எழும்பியதையும் சொன்னார். அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பெல்ஜியத் துப்பாக்கியால் அது முடியாது, நீங்கள் மொடலை அறியாதவர் என்பதை நம்புகிறேன் என்றாராம். அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள்.

மாமாவுக்கு இப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் வீடு. மகள்மார் இருவரும் படித்து முடித்துவிட்டார்கள். அந்த வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம் நான் நன்றி சொல்லவேண்டியவர்களை எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒரு சத்தத்தையும் குறைக்காத மாமா, தனக்குத் தெரிந்ததை நேர்மையாகப் பாவித்த அந்தக் கிழவர், எங்கோ ஈரத்தில் கிடந்த ஒரு ரவை.

மாமாவை ஏற்றுக்கொண்ட அன்று பின்னேரம் அம்மா மாவுக்குள் கறி வைத்துப் பற்றிஸ் பொரித்தார். மாமா தரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். முகம் வேறொரு ஆளின் முகம் மாதிரி இருந்தது.

"சுட வந்த பொடியனைத் தெரியுமோ எண்டு விசாரணையில கேட்டவங்களாமே?" என்றார் அம்மா.

"ஓம். தெரியாதெண்டு சொன்னனான்."

"உன்ர பஸ்ஸில பள்ளிக்கூடம் போய்வந்த பொடியன் எண்டு எனக்குக் கடிதத்தில எழுதினனீ!"

"எழுதினனான்தான்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு 'டிக்'குக்காக வீட்டையே அழவைத்தவர் அங்கே போய்ப் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "மாமா, அது பொய்" என்றேன்.

"ஓம் பிள்ளை, அது பொய்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பற்றிஸை எடுத்தார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அதற்கு முன் எவருக்கும் சொல்லாத பகுதியைச் சொன்னார். இரண்டாவது சத்தத்துக்குப் பிறகு அவர் திரும்பித் தன்னுடைய சைக்கிளிடம் போயிருக்கிறார். கடை வாசலில் பூட்டி வைத்த சைக்கிள். ஓடித் தப்பலாம் என்று தோன்றவில்லை. குனிந்து திறப்பைப் போடுகிறார், திறப்பு நிலத்தில் விழுகிறது. எடுத்துப் போட்டால் அது வீட்டுத் திறப்பு. மற்றதைத் தேடிப் போட்டால் பூட்டு இறுகிப்போய்த் திறக்கவில்லை. "உயிர் போற நேரத்தில நான் இருந்து பூட்டை நோண்டிக்கொண்டிருக்கிறன்" என்று அவர் குனிந்து நடித்துக் காட்டினார். அப்பா, இறுக்கமான பூட்டு வாங்கினால் அப்படித்தான் என்றார். அம்மாகூடச் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.

ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க ஒரு வினாடி போதும் என்பதை அந்த மேசையில் வாசித்துச் சொன்னதும் நான்தான். மாமா பூட்டோடு மல்லுக்கட்டிய அவ்வளவு நேரமும், அவருடைய பஸ்ஸில் போய்வந்த அந்தப் பொடியன் அவருக்குப் பின்னால் நின்று என்ன செய்தான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.