அம்புத் தாங்கியில் எழுதிய எண்

டிரில் மாஸ்டரும் நானும் பதினோரு வருஷம் ஒரே வளாகத்தில் வேலை பார்த்தோம். முகம் பார்த்துப் பேசிய நாட்களை எல்லாம் கூட்டினால் ஒரு மாதம் தேறாது. மற்ற நாட்களில் ஒருவருக்கொருவர் குறிப்பாணை எழுதிக்கொண்டோம். பகை தொடங்கியது ஒரு வாலிபால் வலையில். கையெழுத்துப் போடாமல் எடுத்துப் போனார். நான் ஆளனுப்பி, ஆட்டத்தின் நடுவே அவிழ்த்துவரச் செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அதியமான்கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக அப்போது அந்தப் பயிற்சி நிலையம் இருந்தது. இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன. முன்னேற்றம்தான். எழுபதுகளின் கடைசியில் நான் அதன் பண்டகசாலைக்கு சூப்பரின்டெண்டு. எங்களிடம் படித்து அமெரிக்கா போன ஒருவர், நாங்கள் சொல்லிக்கொடுத்த எதனாலும் அல்லாமல் அங்கே நன்றாக இருந்தவர், ஒரு வில்லை அனுப்பிவைத்தார். நாம் கோவில் சுவரில் பார்க்கிற வில் அல்ல. இரண்டு முனையிலும் சக்கரம், சக்கரங்களுக்கு நடுவே மேலும் கீழும் ஓடும் கம்பிவடம். இழுக்கும்போது முதலில் கனக்கும். பாதிக்கு மேல் சட்டென்று லேசாகிவிடும். கூடவே ஆறு அலுமினிய அம்புகள், ஒரு கையேடு. வழியில் பெட்டியை உடைத்துச் சோதித்த யாரோ ஒரு சிறிய பொருளை மட்டும் தொலைத்திருந்தார்கள். அம்பு விடுபடும்வரை உட்கார்ந்திருக்கிற தாங்கி. விரல் நீளம்கூட இராது. அது இல்லாமல் மற்றதெல்லாம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

நிலைய முதல்வர் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்; அதுவே எங்களுக்குத் தண்டனைதான். விளையாட்டு விழாவுக்குக் கலெக்டர் வருகிறார், அவர் முன்னால் இந்த வில்லால் நேராக எய்ய வேண்டும் என்றார். சேலத்தில் இருந்த எங்கள் கிளை நிலையம் அதை ஏற்கெனவே கேட்டு எழுதியிருந்தது. எய்ய முடியாவிட்டால் மறுவாரமே வில் சேலம் போய்விடும். டிரில் மாஸ்டர் முகம் வெளுத்தது. என் முகமும் வெளுத்திருக்கும். அறுபதுகளில், சாரணர் முகாம் ஒன்றில் மூங்கில் வில்லால் இரண்டு நாள் எய்தும் ஒருமுறைகூடக் குறியில் அடிக்காதவன் நான். இந்த வில் வந்தபிறகு, மதியம் பண்டகசாலைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சக்கரங்களைத் தடவிப் பார்ப்பேன். இதை எந்தக் குறிப்பாணையிலும் எழுதவில்லை.

எய்யப்போகிறவர் டிரில் மாஸ்டர் என்பதால் தாங்கியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் தனக்கே என்றார். முடி நீக்காத ஆட்டுத்தோலில் ஒரு துண்டு வெட்டி, வில்லின் கைப்பிடிக்கு மேலே இருந்த மேடையில் பசையால் ஒட்டினார். அம்பு அதன்மேல் படுத்துக்கொண்டது. பார்க்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. வைக்கோல் திணித்த சாக்குமூட்டையைக் குறிபார்த்து எய்தார். அம்பு மூட்டைக்குப் பக்கத்து மாமரத்தில் ஏறியது. அடுத்ததும் அதே மரத்தில். ஒரு வாரம் இப்படியே போனது.

நான் கையேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். இறகு கட்டிய அம்புக்குத்தான் தோல் மேடை ஆகும். இறகு மடங்கிக்கொடுத்து நிமிரும். நம் அம்பின் வாலில் இருப்பது பிளாஸ்டிக் தகடு. அது மேடையில் இடித்தால் அம்பையே தள்ளிவிடும் என்றேன். அவர் கையேட்டைத் தொடவில்லை.

"புக்கு படிச்சி அம்பு உட முடியாதுங்க, சூப்ரண்டு சார்."

"படிக்காம உட்டதைத்தான் ஒரு வாரமா மாமரத்துல பாக்கறேன்" என்றேன்.

கையேட்டில் பல வகை சொல்லியிருந்தது. அம்பைக் கீழிருந்து ஏந்தி, அது புறப்பட்டதும் மடங்கி வழிவிடுகிற சின்ன நாக்கு போன்ற தாங்கிதான் நமக்கு ஏற்றது என்று முடிவு செய்தேன். தர்மபுரி பேருந்து நிலையத்தருகே கடிகாரம் பழுதுபார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். படத்தைக் காட்டினேன். கண்ணில் வைத்திருந்த லென்சை எடுக்காமலே பார்த்தார்.

"இதுல மணி பாக்க முடியாதுங்களே சார்" என்றார். நான் சிரிக்காததால் வேலையைத் தொடங்கினார்.

அலாரம் கடிகாரத்தின் பழைய சுருள்வில்லில் ஒரு துண்டு வெட்டி, சூடுகாட்டி வளைத்து, பித்தளைத் தகட்டில் பொருத்திக் கொடுத்தார். சுண்டுவிரல் நகத்தளவு அகலத்தில் மெல்லிய எஃகு நாக்கு. அழுத்தினால் பணிந்தது, விட்டால் நிமிர்ந்தது. என் அலுவலகத்தில் அப்படி நடந்துகொண்ட பொருளோ ஆளோ வேறு கிடையாது.

அதைப் பொருத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும்; வில்லை இழுக்க அவர், பார்க்க நான். அந்தப் பத்து நாள் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "மேல", "கீழ", "உடுங்க" அநேகமாக இவ்வளவுதான். அம்பு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும்படி, வால் மயிரளவு உயர்ந்திருக்கும்படி, நாணில் அம்பு மாட்டும் இடத்தில் நூல் சுற்றினேன். பிறகு பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, நாணும் அம்பும் ஒரே கோட்டில் வரும்வரை நாக்கை உள்ளே தள்ளினேன். வால் தகடு எங்கேயாவது இடிக்கிறதா என்று அறிய வீட்டிலிருந்து முகப்பவுடர் எடுத்துவந்து தகடுகளில் பூசினேன்.

"அம்புக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் டிரில் மாஸ்டர்.

எய்தபிறகு பார்த்தால், அடித்தகடு ஒன்றில் பவுடர் கோடாக அழிந்திருந்தது. இடித்த இடம் அதுதான். அம்பை நாணில் சற்றுத் திருப்பி மாட்டியதும் பவுடர் பூசியபடியே இருந்தது. அடுத்து, மரச்சட்டத்தில் செய்தித்தாளை ஒட்டி அதன் வழியாக எய்ய வைத்தேன். முதல் நாள் தாள் பக்கவாட்டில் ஒரு சாண் கிழிந்தது. அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகிறது என்று பொருள். நாக்கை நகர்த்த நகர்த்தக் கிழிசல் குறுகியது. கடைசியில் தாளில் விழுந்தது ஒரு துளை, அதைச் சுற்றி மூன்று சிறு கீறல், அவ்வளவே. தொடர்ந்து ஆறு அம்பும் மூட்டையின் நடுவில் ஒரு கையகலத்துக்குள் நின்றன. அவர் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவரும்போது என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் அசைக்கவில்லை. வாலிபால் வலை நினைவுக்கு வந்துவிட்டது.

விழாவுக்கு மறுநாள் இருப்புச் சரிபார்ப்பு. தனியாக வாங்கிய பொருள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அந்த எண் பொருளின்மேல் பார்வைக்குத் தெரியும் இடத்தில் வெள்ளை எனாமலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாற்காலிக்கு முதுகில் எழுதினோம், மண்வெட்டிக்குப் பிடியில் எழுதினோம். தாங்கிக்கு நான் ஒதுக்கிய எண் 174. பித்தளைத் தகடு வில்லோடு ஒட்டி மறைந்துவிட்டது. பார்வைக்குத் தெரிந்த சமதளம் ஒன்றுதான்: அந்த நாக்கு. விழாவுக்கு முதல் நாள் மாலை, கடைநிலை ஊழியரை நம்பாமல், நானே மெல்லிய தூரிகையால் கடுகளவு எழுத்தில் எழுதினேன். அழகாக வந்தது. தெளிவுக்காக இன்னொரு பூச்சும் கொடுத்தேன். வில்லைப் பெட்டியில் வைத்து மூடிப் பூட்டினேன்.

காலையில் டிரில் மாஸ்டர் ஒருமுறை எய்து பார்க்க வேண்டும் என்று ஆளனுப்பினார். நிகழ்ச்சி நேரத்துக்குமுன் பொருளை வெளியே கொடுக்க விதியில் இடமில்லை என்று பதில் அனுப்பினேன்.

கலெக்டர் வந்தார். டிரில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டு வில்லை வாங்கி, அம்பைத் தாங்கியில் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்தபடி கோட்டில் நின்றார். முதல்வர் வரவேற்புரையைத் தொடங்கினார். அது முடியும் உரை அல்ல. கால்மணி நேரம் அந்த மனிதர் அசையாமல் நின்றார். சைகை கிடைத்ததும் இழுத்தார், விட்டார். அம்பு கிளம்பும்போதே வால் சுழன்றது. மூட்டையை விட்டு வெகு தூரத்தில், காலியாக இருந்த தண்ணீர் டிரம்மில் மோதி, கோவில் மணி போல ஒலித்தது. கலெக்டர் கைதட்டினார், அதுதான் குறி என்று நினைத்தாரோ என்னவோ. முதல்வர் தட்டவில்லை. சேலத்துக்கு உத்தரவு அன்று சாயங்காலமே தட்டச்சாகி வந்தது.

நான் உடனே குறிப்பாணை எழுதினேன். சீராகப் பொருத்தப்பட்டிருந்த கருவியைக் கவனக்குறைவாகக் கையாண்டு குறிதவறச் செய்ததற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

விளக்கம் அரைமணி நேரத்தில் வந்தது. அவரே வந்தார். கையில் அந்த அம்பு. என் மேசைமேல் வைத்துச் சன்னல் பக்கம் திருப்பினார். அலுமினியத் தண்டில் வெள்ளையாக, இடவலம் மாறி, பாதி ஏழும் முழு நான்கும் பதிந்திருந்தன. அங்கிருந்து வால்வரைக்கும் ஒரு வெள்ளை இழுப்பு.

"கண்ணாடியில காட்டிப் பாருங்க சார்" என்றார். "உங்க கையெழுத்துங்க. காயறதுக்கு முன்னால பொட்டியில போட்டுப் பூட்டினது யாரு, நானுங்களா?"

மாலையில் ஈரம், மூடிய பெட்டி, இரண்டாவது பூச்சு. எந்த எனாமல் காயும்? அதன்மேல் கால்மணி நேரம் அழுத்தி வைத்த அம்பு ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

"ஒரு தடவ உட்டுப் பாக்கறேன்னு காலையில கேட்டனே" என்றார். இதைச் சத்தமில்லாமல் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

குறிப்பாணையைத் திரும்பப் பெற்றேன். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. மறுவாரம் வில்லைக் கட்டும்போது அவர் வாசலில் வந்து நின்றார். "தாங்கியயும் குடுத்தனுப்புங்க. அவங்களாச்சும் ஒழுங்கா உடட்டும்" என்றார். உத்தரவில் 'வில் ஒன்று, அம்பு ஆறு' என்றுதான் இருந்தது. தாங்கிக்குத் தனி எண். அதைக் கழற்றி என் அலமாரியில் வைத்துக்கொண்டு, உத்தரவின் நகலை அவரிடம் நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, வாலிபால் வலையைப் பற்றி ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

ஓய்வு பெற்ற அன்று பொறுப்பை ஒப்படைக்கும்போது, எனக்கு அடுத்து வந்தவர் அந்த எஃகு நாக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னதுங்க சார் இது?"

"நூற்று எழுபத்து நாலு" என்றேன்.

எண்ணில் ஒன்று மட்டும்தான் முழுசாக இருந்தது. மற்றது சேலத்தில் ஏதோ ஓர் அம்பின்மேல் இருக்கும். இருப்பு பட்டியலோடு ஒத்துப்போகிறது என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.