கால் நோகாத கிரிவலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை தீபத்தன்று, சொந்த ஊரிலேயே ஒரு லாட்ஜில் விருந்தாளியாக இருந்தேன்.

எங்கள் வீடு தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் மலை அடியிலிருந்து உச்சிவரை தெரியும். அப்பா அரசுப் பள்ளியில் டிரில் மாஸ்டர். நான் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, மெட்ராஸில் இரும்பு வியாபாரம் செய்து நன்றாக இருந்தார். வருஷா வருஷம் தீபத்துக்குப் பெரியம்மாவோடு வருவார். எங்கள் வீட்டில் தங்குவார். கூடத்தில் பாய் விரித்து அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு கிராமத்து நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருஷம் தீபத்துக்கு முந்தின நாள் காரில் வந்தவர் செருப்பைக் கழற்றவே இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"டேய், இந்த வாட்டி உங்களுக்கு ஒரு வேலையும் கெடையாது. செங்கம் ரோட்ல புதுசா லாட்ஜ் கட்டியிருக்கான் பாரு, அங்க ரூம் போட்டுட்டேன். உங்களுக்கும் சேத்துத்தான். சாப்பாடு, டிபன், சாமி பாக்கறது, மலை சுத்தறது, மாடியில சேர் போட்டு தீபம் பாக்கறது, எல்லாம் அதுலயே அடக்கம். கைய வீசிக்கினு வாங்க, போதும்."

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "வூடு இங்க இருக்குதே ண்ணா, லாட்ஜ் எதுக்கு?"

"உங்க அண்ணிக்கு முட்டி வலிடா. உங்க வூட்ல பாத்ரூம் பின்னாடி இருக்குது, ராத்திரியில எழுந்து போவ முடியல. மத்த லாட்ஜவிட ரேட்டு ரொம்ப ஜாஸ்திதான். ஆனா ஜாஸ்தி குடுத்தாத்தானே நிம்மதி?"

காரை விட்டு இறங்காமலே பெரியம்மா சிரித்தாள். அம்மா மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். "என் வூட்ல வெளக்கு யாரு மாமா ஏத்துவா? இவங்கள இட்டுக்கினு போங்க." அப்பாவுக்கும் போக மனசில்லை. அண்ணன் பணம் கட்டிவிட்டார் என்பதற்காகக் கிளம்பினார். நான், உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டுத்தான் போனேன். லாட்ஜுக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை.

மறுநாள் காலையில் போனோம். உள்ளே நுழைந்ததும் புதுப் பெயிண்ட் வாசனையும் காய்ந்த டால்டா வாசனையும் கலந்து அடித்தன. சாப்பாட்டு ஹாலில் மெட்ராஸ், பெங்களூர் பக்கத்து ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட விதத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் எங்கும் பார்த்ததில்லை. பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி இல்லை அது. வசூல் பண்ணுகிற மாதிரி இருந்தது. எதிரே இருந்த ஒரு பட்டுப்புடவைக்காரி வடைகளைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். எண்ணெய் ஊறிப் பையின் துணி கறுத்தது. அவள் பக்கத்தில் இருந்தவர் பொங்கல், பூரி, இட்லி எல்லாவற்றையும் இலையில் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு விள்ளல் எடுத்துவிட்டு, "வேற இன்னா இருக்குது?" என்று கேட்டார். ஒரு குழந்தை வாந்தியெடுத்தது. அதன் அம்மா வாயைத் துடைத்துவிட்டு மறுபடி கேசரி ஊட்டினாள்.

"நல்லா சாப்புடுங்க. கேட்டு வாங்குங்க," என்று பெரியப்பா எங்களை அதட்டிக்கொண்டே இருந்தார். "குடுத்திருக்கோம் இல்ல?"

கை கழுவப் பின்பக்கம் போனேன். மீந்த இலைகளை அப்படியே சுருட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம்தான் கிராமத்து ஜனங்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், துணியில் கட்டிவந்த சோற்றோடு. மதிலில் இருந்த தண்ணீர்க் குழாயை லாட்ஜ்காரர்கள் அன்றைக்கு அடைத்துவைத்திருந்தார்கள். ஒரு கிழவர் சொம்போடு வந்து குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனார். கை கழுவுகிற இடத்தில் எங்களுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த அறையில் சமையல்காரர்கள் லட்டையும் விபூதிப் பொட்டலத்தையும் மஞ்சள் துணிப்பைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்கு யாரும் இன்னும் கிளம்பவே இல்லை.

பிறகு தரிசனம். லாட்ஜ் மேனேஜர் சபாரி டிரெஸ் போட்டவர். எங்களை ஒரு பக்க வாசலில் நிறுத்தி, உள்ளே யாரோடோ குசுகுசுவென்று பேசினார். அடுத்த நிமிஷம் எங்களை விடியற்காலையிலிருந்து நின்றிருந்த கூட்டத்துக்கு முன்னால் செருகிவிட்டார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சாமியைப் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ள, வெளியே வந்துவிட்டோம்.

"அவ்ளோதானா?" என்றாள் பெரியம்மா.

மத்தியானத்துக்கு மேல் வேன் வந்தது. மேனேஜரும் எங்களோடு ஏறிக்கொண்டார். திரை போட்ட ஜன்னல், ஃபேன், பிளாஸ்கில் காபி, தட்டில் முறுக்கு. "கால் நோகாத கிரிவலம்" என்று லாட்ஜ் நோட்டீசில் போட்டிருந்தது இதைத்தான். செருப்பைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. அப்பா மட்டும் கழற்றி சீட்டுக்குக் கீழே வைத்தார். நானும் கழற்றினேன்.

ஊரைத் தாண்டியதுமே கூட்டம் அடர்ந்தது. வெறுங்காலோடு நடக்கிறவர்கள், தோளில் பிள்ளைகளைச் சுமந்தவர்கள், தடி ஊன்றினவர்கள். டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. கிளீனர் படியில் தொங்கிக்கொண்டு வேனின் தகரத்தில் கம்பால் அடித்து, "ஓரம் போ, ஓரம் போ" என்று கத்தினான். அவர்கள் ஒதுங்கி, புளியமரத்து வேரிலும் முள்ளிலும் கால் வைத்து நின்றார்கள். நாங்கள் கிளப்பிய புழுதி அவர்கள் மேல் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் தூசி என்று திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். மலையும் தெரியவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. சாயங்காலம் லாட்ஜ் மாடியில் முன்வரிசை நாற்காலி யாருக்கு என்று வேனுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அடி அண்ணாமலை தாண்டுகிற இடத்தில் வேன் நின்றது. முன்னால் ஒருவர் அங்கப்பிரதட்சணம் செய்துகொண்டிருந்தார். ஈரவேட்டியோடு, மண்ணில் உருண்டு உருண்டு. உடம்பெல்லாம் சேறும் சிராய்ப்பும். அவர் மனைவி முன்னால் குனிந்தபடி, துண்டால் ரோட்டில் இருந்த கல்லையும் முள்ளையும் தள்ளிக்கொண்டே போனாள். நடக்கிறவர்கள் எல்லாம் அவருக்கு இரண்டு பக்கமும் வழிவிட்டு மெதுவாகப் போனார்கள்.

வேன் அவர் தலைக்குப் பின்னால் ஹார்ன் அடித்தது. அவர் நிற்கவில்லை. காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

"மேனேஜர், டைம் ஆவுது. மேல சேர் போயிடும்," என்றார் முன்சீட்டுக்காரர். இன்னொருவர், "இவ்ளோ காசு வாங்கியிருக்கீங்க, இத்த கவனிக்க மாட்டீங்களா?" என்றார்.

மேனேஜர் கீழே இறங்கினார். கிளீனரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக உருண்டுகொண்டிருந்த மனுஷனைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். மூட்டையைப் போடுகிற மாதிரி ரோட்டோரத்தில் போட்டார்கள்.

அவர் மனைவி ஓடிவந்தாள். "தொடாதீங்கய்யா! வேண்டுதல்ங்க! தொடாதீங்க!" கத்திக்கொண்டே, அவரைத் தூக்கிய இடத்தில் துண்டைப் போட்டாள், இடம் தவறிவிடக் கூடாது என்று.

வேனுக்குள் யாரோ "அப்பாடா" என்றார்கள். முறுக்குக் கடிக்கிற சத்தம் நிற்கவில்லை.

அப்பா எழுந்தார். பெரியப்பா அவர் சட்டையைப் பிடித்தார். "உக்காருடா. நமக்கெதுக்கு?"

அப்பா அவர் கையை எடுத்துவிட்டு இறங்கிப்போனார். மைதானத்தில் நூறு பையன்களை நிறுத்துகிற குரலில், "யோவ், கைய எடு!" என்றார். மேனேஜர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"சார், நீங்க கெஸ்ட்டு. உள்ள போய் உக்காருங்க. நாங்க பாத்துக்கறோம்."

"நான் கெஸ்ட்டு இல்லய்யா. நான் இந்த ஊர்க்காரன். மலை சுத்தறவன் மேல கைய வெச்சி இழுத்துப் போடறியே, நீ மனுசனா?"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரும் அடிக்கவில்லை. நாலைந்து ஆட்கள் வேனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். உருண்டவர் யாரோடும் பேசவில்லை. கைகளை ஊன்றித் தவழ்ந்து துண்டு கிடந்த இடத்துக்கு வந்தார், படுத்தார், மறுபடி உருளத் தொடங்கினார். முழங்கையில் தோல் பெயர்ந்து ரத்தம் மண்ணோடு ஒட்டியிருந்தது. அவர் மனைவி அழுதுகொண்டே முன்னால் போய்க் கல்லைத் தள்ளினாள்.

நான் இறங்கிவிட்டேன். பெரியம்மா ஜன்னல் வழியாக, "வெயில்ல ஏண்டி போற? ஏறு, ஏறு" என்றாள். செருப்பு உள்ளேயே கிடந்தது.

அப்பாவும் நானும் நடந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னேன். "பெரிப்பா கோச்சிக்குவாருப்பா."

"கோச்சிக்கட்டும்." அவர் நடையை எட்டிப் போட்டார்.

பாதி வழியிலேயே பொழுது சாய்ந்தது. தீபம் ஏற்றும் நேரம் நாங்கள் ரோட்டில்தான் இருந்தோம். உச்சியில் நெருப்பு தெரிந்ததும் எல்லோரும் கையைத் தூக்கி "அரோகரா" என்று கத்தினார்கள். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்து எனக்கு டால்டா ஏப்பம் வந்தது. எல்லோரும் உருகிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த ஹாலும் இலைகளும் வாந்தியும்தான் ஞாபகம் வந்தன. அந்த வருஷத்துத் தீபம் எனக்கு அப்படிக் கெட்டுப்போனது.

செருப்பை எடுக்க லாட்ஜுக்குப் போனோம். சாப்பாட்டு ஹாலில் பெரியப்பா இருந்தார். வேன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, அவர்கள் வந்து சேர்வதற்குள் தீபம் ஏற்றியாகிவிட்டது. வேனில் அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். மலை இருந்ததோ வலது பக்கம். அந்தப் பக்கத்து ஆட்கள் எழுந்து ஜன்னலை மறைத்துக்கொள்ள, அவருக்கு நெருப்பே தெரியவில்லை. மாடி நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜரைத் திட்டித் தீர்த்திருந்தார். திட்டிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, இரண்டாவது முறையாக ஜாங்கிரி கேட்டுக்கொண்டிருந்தார். வாய் மென்றுகொண்டிருந்தது. கண்ணில் கோபம் அப்படியே இருந்தது.

அப்பா நின்றபடி கேட்டார். "அந்த ஆளு இன்னா ஆனாரு ண்ணா? வேன் அப்புறம் அவர இடிக்கலையே?"

பெரியப்பா நிமிர்ந்தார். "எந்த ஆளு?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டார். "வாம்மா, வூட்டுக்குப் போவலாம்."

"டேய், ரூம் இருக்குதுடா உங்களுக்கு! காசு கட்டியிருக்குது!" என்று பின்னால் குரல் வந்தது. அப்பா திரும்பவில்லை.

மறுநாள் காலையில் பெரியப்பா ஊருக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி, எங்கள் பங்குப் பிரசாதப் பைகளைக் கொடுத்தார். முந்தின நாள் எதுவுமே நடக்காதது போல அம்மாவிடம் முட்டி வலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அம்மா பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தாள். லட்டில் சிக்கு வாடை அடித்தது. அது எங்கே கட்டப்பட்டது என்று நான் சொன்னேன். அம்மா லட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு, பையைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். விபூதியைத் தூக்கிப்போட அவளுக்குக் கை வரவில்லை. பூசிக்கொள்ளவும் வரவில்லை. வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வந்தாள்.

தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த இடத்தில் பெரியப்பா நாலு பேரைச் சேர்த்துவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "கால் தரையில படல. ராஜா மாதிரி கவனிச்சான். ரேட்டு ஜாஸ்திதான், ஆனா குடுத்த காசுக்கு மேலயே கெடைக்குது." அப்பா பக்கத்திலேயே இருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டு. ஒரு மாமா என்னைப் பார்த்து, "நீயும் போனியாமே, எப்டி இருந்தது? அடுத்த வருஷம் நாங்களும் போலாம்னு இருக்கறோம்," என்றார்.

"போவாதீங்க மாமா," என்றேன். "சகிக்கல."

பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "ஓசியில கூட்டினு போனா இதுதான்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அப்பா என்னைக் கண்டிப்பார் என்று நினைத்தேன். அன்றைக்குப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சு அற்றுப்போகவில்லை, ஆனால் பழையபடி ஆகவுமில்லை. பெரியப்பா ஒவ்வொரு தீபத்துக்கும் லாட்ஜில்தான் தங்கினார், ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷத்தைவிட விலை ஜாஸ்தியான அறையில். வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். கிராமத்து நிலத்தை விற்கிற பேச்சு வந்தபோதுகூட இருவரும் உட்கார்ந்து பேசவில்லை. ஆள் விட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.